குக்குலுவும் கோவையின் தராசும்

சிங்காநல்லூர் முதல் உக்கடம் வரை கோவையின் எந்த நாட்டு மருந்துக் கடையில் ‘குங்கிலியம்’ என்று கேட்டாலும், கடைக்காரர் எடுத்துத் தரும் பொருள் ஒரே மரத்தின் பிசின் என்று கொள்வதற்கில்லை. நடு இந்தியக் காடுகளில் வளரும் சால மரத்தின் பிசின் குங்கிலியம் என்றே வழங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் நிற்கும் வெள்ளைப்பைன் மரத்தின் பிசின் வெள்ளைக் குங்கிலியம் எனவும், நீலகிரிப் பகுதியில் பழங்குடி மக்கள் திரட்டும் கரிய பிசின் கருங்குங்கிலியம் எனவும் பெயர் பெறுகின்றன. வடமொழி மருத்துவ நூல்கள் சல்லகி என்று குறிக்கும் மரத்தின் பிசின் குந்துருக்கம், பறங்கிச் சாம்பிராணி என இரு பெயர்களில் விற்பனைக்கு வருகிறது. ராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலங்களில் முட்புதராக வளரும் செடியின் பிசின் குக்குலு, மைசாட்சி என்னும் பெயர்களைக் கொண்டது. வெள்ளிக்கிழமை மாலையில் வீட்டில் புகையும் சாம்பிராணியோ பெரும்பாலும் இவை எவற்றோடும் உறவில்லாத, தென்கிழக்கு ஆசிய மரமொன்றின் பிசின்.

புகை போடுவோருக்கு இந்தப் பெயர்க் குழப்பத்தால் தீங்கு ஏதும் இல்லை. மூட்டு வலிக்கும் இரைப்புக்கும் குடற்புண்ணுக்கும் மருந்தாக உட்கொள்ள முனைவோருக்குத்தான் அது முதல் தடை. ஏனெனில் நாட்பட்ட அழற்சி நோய்களுக்கு மருந்தென்று நவீன ஆய்வுக்கு உட்படுத்தப்பட்ட பிசின்கள் பெரும்பாலும் இரண்டே: ஒன்று குந்துருக்கம், மற்றொன்று குக்குலு. இவ்விரண்டும் தாவரவியலில் பர்சரேசியே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; இரண்டிலும் பிசினோடு கோந்தும் நறுமண எண்ணெயும் கலந்திருக்கின்றன. கோந்து தண்ணீரில் கரையும், பிசின் கரையாது. ஆகவே மஞ்சள் பாய்ந்த குந்துருக்கத் துண்டொன்றைச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கல்லில் உரைத்தால், கோந்து கரைந்து, கரையாத பிசின் துகள்களைத் தாங்கிக்கொண்டு, பால் போன்ற வெண்ணிறக் குழம்பு உருவாகிறது. கோந்து இல்லாத சாலக் குங்கிலியத்தையும் சாம்பிராணியையும் எவ்வளவு உரைத்தாலும் அந்தப் பால் வருவதில்லை. ஆய்வகத் தேர்வுக்கு இது ஈடாகாது என்றாலும், பொருள் மாறியிருப்பதைக் கண்டுகொள்ள எவருக்கும் கைவசம் உள்ள எளிய வழி இது.

இக்குடும்பம் கொங்கு நாட்டுக்கு அந்நியமானதும் அன்று. காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் மாடு மேயும் மேய்ச்சல் நிலங்களாகிய கொறங்காடுகளைச் சுற்றி உயிர்வேலியாக நிற்கும் முட்கிளுவை, குக்குலுச் செடியின் நேரடி உறவு. இரண்டையும் தாவரவியலார் காமிஃபோரா என்னும் ஒரே பேரினத்தில் வைக்கிறார்கள். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் சேர்ந்த அந்த நிலத்தில் நடப்பவர், ஒடிந்த கிளுவைக் கிளையை முகர்ந்தால், மருந்துக் கடைக் குக்குலுவை நினைவூட்டும் மெல்லிய மணத்தை உணர முடியும். குக்குலு என்னும் சொல் கொங்கு உழவருக்குத் தூரத்துச் சொல்லாக இருக்கலாம். அதன் உறவுச் செடியைத் தலைமுறைகளாக நட்டு வளர்த்து வருபவர்கள் அவர்களே.

அழற்சி என்பது இயல்பில் உடலின் தற்காப்பு. முள் குத்திய விரல் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிப்பது அவ்விடத்துக்கு நோயெதிர்ப்பு அணுக்கள் விரைந்து வருவதால் நிகழ்வது. வேலை முடிந்ததும் அது தானே அடங்கிவிடும். அடங்க வேண்டியது அடங்காமல், எதிரியே இல்லாத இடத்தில் மாதக் கணக்காகவும் ஆண்டுக் கணக்காகவும் நீடிக்கும்போது அது நாட்பட்ட அழற்சி நோயாகிறது. முடக்குவாதத்தில் நோயெதிர்ப்பு அமைப்பு மூட்டின் உட்சவ்வையே தாக்கி, உரிய காலத்தில் கட்டுப்படுத்தாவிட்டால் எலும்பையும் குருத்தெலும்பையும் அரித்துவிடுகிறது. விரல் கணுக்கள் இரு கைகளிலும் ஒருசேர வீங்குவதும், காலையில் எழுந்தபின் ஒரு மணி நேரத்துக்கு மேல் கை மடங்காமல் இறுகிக் கிடப்பதும் இதன் அடையாளங்கள். முழங்கால் தேய்மானம் இதிலிருந்து வேறானது. அங்கே முதலில் சிதைவது குருத்தெலும்பு, அழற்சி அதைத் தொடர்ந்து வருவது. மக்கள் இரண்டையும் ‘வாதம்’ என்ற ஒரே சொல்லால் அழைப்பதாலும், விளம்பரங்கள் அந்த மயக்கத்தையே மூலதனமாக்குவதாலும், ஒரு நோய்க்கு உதவும் பொருள் மற்ற நோய்க்கும் உதவும் என்ற தவறான நம்பிக்கை வேரூன்றிவிடுகிறது.

கோவைக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. 1888-இல் முதல் பஞ்சாலை எழுந்த இந்நகரில், சிங்காநல்லூரும் பீளமேடும் மில் ஊர்களாகவே வளர்ந்தன. தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் 1955-இல் கோவையில்தான் முதலில் நடைமுறைக்கு வந்தது. அத்திட்டத்தின் பெரிய மருத்துவமனை இன்றும் சிங்காநல்லூர்ப் பகுதியில் இயங்குகிறது. ஷிப்டு முழுவதும் நின்றே வேலை செய்து, பாரம் தூக்கி, குந்தி எழுந்து ஓய்வுபெற்ற ஒரு தலைமுறைக்கு முழங்கால் வலி அன்றாடத் துன்பம். அவர்களுள் கணிசமானோர் காலையில் ஆங்கில மருத்துவரையும் மாலையில் வைத்தியரையும் பார்ப்பவர்கள். இவர் தந்ததை அவரிடமும் அவர் தந்ததை இவரிடமும் சொல்லாதவர்கள். இந்த இரு உலகங்களையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்து, ஒரே தராசில் நிறுத்துப் பார்த்த அரிய முயற்சியும் இதே நகரில்தான் நடந்தது.

சிங்காநல்லூரிலிருந்து திருச்சி சாலை வழியே நகருக்குள் வருகையில் சில கிலோமீட்டர் தொலைவில் இராமநாதபுரம் உள்ளது. 1943-இல் பி. வி. ராம வாரியர் நிறுவிய ஆர்ய வைத்திய பார்மசியின் சிகிச்சை நிலையம் அங்கே இருக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் கொண்ட ஆர்வத்தால், முடக்குவாதத்துக்கு ஆயுர்வேத சிகிச்சை எந்த அளவு பயன்படுகிறது என்பதைப் பதிவு செய்யும் ஆய்வு அங்கே தொடங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லாமல் நோயாளிகளின் முன்னேற்றத்தை மட்டும் குறித்துவைக்கும் ஆய்வுக்கு ஓர் எல்லை உண்டு: முடக்குவாதம் தானாகவே ஏறி இறங்கும் நோய் என்பதால், இறங்கியது மருந்தாலா, காலத்தாலா, நம்பிக்கையாலா என்ற கேள்விக்கு அதனால் விடை சொல்ல இயலாது.

அந்த விடையைத் தேடிய அடுத்த ஆய்வு, ராம வாரியரின் மகனும் 2009-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவருமான பி. ஆர். கிருஷ்ணகுமாரின் முனைப்பாலும், கலிஃபோர்னியா பல்கலைக்கழக மூட்டுவாதவியல் பேராசிரியர் டேனியல் ஃபர்ஸ்டின் ஒத்துழைப்பாலும், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதியாலும் நடந்தேறியது. ஏழாண்டுக்கு உட்பட்ட முடக்குவாதம் உடைய 43 பேர் சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஆங்கில மருத்துவத்தில் இந்நோய்க்கு அடிப்படை மருந்தாகிய மெத்தோட்ரெக்சேட் 14 பேருக்கும், ஆயுர்வேத மருந்துகள் 12 பேருக்கும், இரண்டும் சேர்த்து 17 பேருக்கும் அளிக்கப்பட்டன. மெத்தோட்ரெக்சேட் மட்டும் பெற்றவர்க்கு ஆயுர்வேத மருந்தின் போலியும், ஆயுர்வேதம் மட்டும் பெற்றவர்க்கு மெத்தோட்ரெக்சேட்டின் போலியும் சேர்த்துத் தரப்பட்டதால், எது மருந்து, எது மருந்துப்போலி என்பது உண்டவருக்கும் தெரியாது, அளந்து பார்த்த மருத்துவருக்கும் தெரியாது. மருந்துப்போலி என்பது மருந்தைப் போலவே தோற்றமளிக்கும், மருந்துச் சரக்கு இல்லாத பொருள்; இவ்வாறு இரு தரப்பாரிடமிருந்தும் மறைத்துச் செய்யும் சோதனையை இருமுனை மறைப்புச் சோதனை என்பர்.

இதில் இருந்த சிக்கலைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். ஆயுர்வேத வைத்தியர் ஒரே நோய்க்கு எல்லாருக்கும் ஒரே மாத்திரை தருவதில்லை. உடல்வாகு, செரிமானம், நோயின் கட்டம் ஆகியவற்றைப் பார்த்து ஆளுக்கு ஏற்ப மருந்தை மாற்றுபவர். ஆய்வுக்காக அந்த உரிமையைப் பறித்தால் சோதிக்கப்படுவது ஆயுர்வேதமாக இராது; உரிமையை விட்டுவைத்தால் எத்தனையோ மருந்துகளுக்குப் போலி செய்ய வேண்டும். கோவை ஆய்வு இரண்டாவது வழியை, அதாவது கடினமான வழியைத் தேர்ந்தது. வைத்தியர்கள் வழக்கம்போல ஆளுக்கேற்ற மருந்தைத் தேர்ந்து தர இடமளித்து, 40 மருந்துக் கலவைகள் அந்த ஆய்வுக்குள் கொண்டுவரப்பட்டன. கஷாயத்தின் கசப்பையும் அரிஷ்டத்தின் புளிப்பையும் அறிந்த எவருக்கும், அவற்றுக்குப் போலி செய்வது எத்தகைய உழைப்பு என்பது விளங்கும்.

36 வாரங்கள் நடந்து, 2011-இல் ‘ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ருமட்டாலஜி’ இதழில் வெளியான முடிவுகள் அக்கறையோடு வாசிக்கத்தக்கவை. வலி, வீக்கம், செயல்திறன் முதலியவற்றில் 20 விழுக்காடு முன்னேற்றம் என்ற அளவுகோலை மெத்தோட்ரெக்சேட் குழுவில் 86 விழுக்காட்டினரும், ஆயுர்வேதக் குழுவில் 100 விழுக்காட்டினரும், கூட்டுச் சிகிச்சைக் குழுவில் 82 விழுக்காட்டினரும் எட்டினர். இந்த ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்காட்டி ‘ஆயுர்வேதம் வென்றது’ என்று எழுதுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. மூட்டுகளின் நிலையையும் இரத்தத்திலுள்ள அழற்சிக் குறியையும் சேர்த்துக் கணக்கிடும் மற்றொரு அளவுகோலில், மெத்தோட்ரெக்சேட் பெற்ற இரு குழுக்களிலும் நோயின் தீவிரம் 2.4 புள்ளி குறைந்தது. ஆயுர்வேதம் மட்டும் பெற்றவர்களிடம் 1.7 புள்ளியே குறைந்தது. பாதகமான நிகழ்வுகள் மெத்தோட்ரெக்சேட் குழுவில் 174, ஆயுர்வேதக் குழுவில் 112, கூட்டுக் குழுவில் 176 எனப் பதிவாயின. குழுவின் தலைக்கணக்கால் வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு முறையே 12, 9, 10 என்ற அளவில் வருவதால், அந்த வேறுபாடும் முதற்பார்வையில் தோன்றுவதைவிடச் சிறியதே. புள்ளியியல் நோக்கில் மூன்று குழுக்களுக்கும் இடையே உறுதியான வேறுபாடு எதிலும் இல்லை.

43 பேரைக் கொண்ட முன்னோட்ட ஆய்வு எதையும் இறுதியாக நிறுவாது என்பதை ஆய்வாளர்களும் மறைக்கவில்லை. அவர்கள் நிறுவியது வேறொன்று: ஆளுக்கேற்ப மருந்து தரும் மரபு மருத்துவத்தையும், அதன் இயல்பு கெடாமல், நவீன மருத்துவம் ஏற்கும் முறையில் சோதிக்க முடியும் என்பது. ‘எங்கள் மருத்துவத்தை உங்கள் ஆய்வுகளால் அளக்க இயலாது’ என்று மரபு மருத்துவத் தரப்பில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த சமாதானத்துக்கும், ‘அளக்கும் தகுதியே அதற்கு இல்லை’ என்று மறுதரப்பில் சொல்லப்பட்டுவந்த அலட்சியத்துக்கும் ஒருசேர விடையளித்த பெருமை கோவைக்கு உரியது. 2020-இல் காலமான கிருஷ்ணகுமாரின் பணிகளில் இதுவே முதன்மையானது என்று மதிப்பிடுவதில் மிகையில்லை.

இந்த ஆய்வில் பிசினுக்கு மட்டும் உரிய பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. சோதிக்கப்பட்டது முழுச் சிகிச்சை. ஆயினும் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் மாதவகரர் தம் நிதான நூலில் ஆமவாதம் என்று தனியே பிரித்து விளக்கிய இந்நோய்க்கு, பிற்கால ஆயுர்வேத நூல்கள் விதிக்கும் யோகராஜ குக்குலு, சிம்மநாத குக்குலு முதலிய மாத்திரைகள் குக்குலுப் பிசினையே அடிப்படையாகக் கொண்டவை. அந்தப் பிசின் அப்படியே அரைத்துச் சேர்க்கப்படுவதில்லை. மண்ணும் மரப்பட்டையும் ஒட்டிய பிசினைத் துணியில் முடிந்து, கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் ஆகிய மூன்றும் சேர்ந்த திரிபலைக் கஷாயத்தில் தொங்கவிட்டுக் கொதிக்கவைத்தால், பிசின் இளகித் துணிவழியே கசிந்து கஷாயத்தில் இறங்க, கசடு முடிச்சுக்குள்ளேயே தங்கிவிடும். அந்தக் கஷாயத்தை வற்றவைத்து உலர்த்தி, நெய் தொட்டு உரலில் இடித்த பிறகே அது மருந்துக்கு உரியதாகிறது. இதற்குச் சுத்தி செய்தல் என்று பெயர். சித்த மருத்துவமும் பிசின்களைச் சுத்தி செய்தே ஆள்கிறது. சாலக் குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கி, தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவ, அது வெளுத்துத் திரண்டு வெண்ணெய்ப் பதம் அடையும். குங்கிலிய வெண்ணெய் என்னும் அந்த மருந்து ஆறாத புண்ணுக்கும் தீக்காயத்துக்கும் மேற்பூச்சாகத் தமிழகத்தில் நெடுங்காலம் பயன்பட்டு வருகிறது.

குந்துருக்கத்தின் நவீன வரலாறு ஜம்முவிலிருந்த அரசு ஆய்வகத்தில் தொடங்குகிறது. அங்கே ஜி. பி. சிங், சி. கே. ஆட்டல் ஆகியோர் அப்பிசினின் சாற்றுக்கு அழற்சியைத் தணிக்கும் ஆற்றல் இருப்பதை விலங்குச் சோதனைகளில் கண்டு 1986-இல் வெளியிட்டனர். அது எவ்வாறு செயல்படுகிறது என்பதை 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் அம்மோன் குழுவினர் விளக்கினர். அணுக்களின் சவ்விலிருந்து விடுபடும் அராகிடானிக் அமிலம் என்னும் கொழுப்புப் பொருள், அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களாக மாறுவதற்கு இரண்டு வாய்க்கால்கள் உண்டு. ஒரு வாய்க்காலில் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகின்றன. டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன் போன்ற வழக்கமான வலி மாத்திரைகள் அடைப்பது இதைத்தான். மற்றொரு வாய்க்காலில், 5-லைப்பாக்சிஜனேஸ் என்னும் நொதியின் உதவியால் லூக்கோட்ரைன்கள் உருவாகின்றன. இவை வெள்ளணுக்களை ஈர்த்து வீக்கத்தைப் பெருக்குவதோடு, இரைப்பு நோயில் மூச்சுக்குழலையும் சுருக்குபவை. குந்துருக்கத்திலுள்ள பாஸ்வெல்லிக் அமிலங்கள் இந்த இரண்டாவது வாய்க்காலின் மடையில் கைவைக்கின்றன. வலி மாத்திரைகள் வயிற்றுப் புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் முதல் வாய்க்காலை அடைப்பதால் என்பதை நினைத்தால், வேறு வாய்க்காலில் செயல்படும் பொருளின்மேல் மருத்துவ உலகம் ஏன் ஆர்வம் கொண்டது என்பது புரியும்.

ஆய்வகத்தில் கண்டது அப்படியே நோயாளியிடம் பலிக்குமா என்பது தனிக் கேள்வி. அதற்கு நோய்தோறும் வெவ்வேறு விடை கிடைத்திருக்கிறது. முழங்கால் தேய்மானத்தில் விடை ஓரளவு நம்பிக்கை அளிப்பது. நாகபுரியில் 30 பேரிடம் நடந்து 2003-இல் வெளியான சோதனை முதலாகப் பல சிறு ஆய்வுகள் வலி குறைவதைக் காட்டின; அவற்றைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் அமைப்பின் 2014-ஆம் ஆண்டு மறுஆய்வு, நூறு புள்ளி கொண்ட வலி அளவுகோலில் மருந்துப்போலி பெற்றவர்களின் வலி 40 ஆகவும், செறிவூட்டிய குந்துருக்கச் சாறு பெற்றவர்களின் வலி 23 ஆகவும் இருந்ததைக் குறிப்பிட்டு, சிறிய அளவிலேனும் பயன் உண்டு என்ற முடிவுக்கு வந்தது. புனேயில் மருத்துவர் அர்விந்த் சோப்ரா தலைமையில் 440 பேரிடம் 24 வாரங்கள் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், குந்துருக்கம், சீந்தில், சுக்கு, நெல்லி ஆகியவற்றைக் கொண்ட கலவை, செலிகாக்சிப் என்னும் வலி மருந்துக்கு ஏறத்தாழ இணையாக நின்றது. ஆனால் அதே ஆய்வில் மூலிகைக் கலவை உண்டவர்களுள் சிலருக்கு, வெளியே அறிகுறி எதுவும் தெரியாமல், கல்லீரல் நொதி உயர்ந்தது. இரத்தச் சோதனை செய்யாதிருந்தால் அதை யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

முடக்குவாதத்தில் குந்துருக்கம் அந்த அளவு கைகொடுக்கவில்லை. 1998-இல் ஜெர்மனியில் வெளியான ஆய்வில் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தென்படவில்லை. புனேயில் 182 முடக்குவாத நோயாளிகளிடம் நடந்து 2000-இல் வெளியான சோதனையில், குந்துருக்கம் சேர்ந்த கலவை பெற்றவர்களுள் 39 விழுக்காட்டினரும், மருந்துப்போலி பெற்றவர்களுள் 30 விழுக்காட்டினரும் முன்னேற்றம் கண்டனர். அந்த இடைவெளி தற்செயலாகவும் நேரக்கூடியது. மருந்தே இல்லாத மாத்திரையால் பத்தில் மூவர் தேறினார்கள் என்பது, ‘எனக்குக் குணமானது’ என்ற தனிமனிதச் சான்றுகளை எந்த அளவு நம்பலாம் என்பதற்கு நல்ல அளவுகோல். இரைப்பிலும் பெருங்குடல் புண் அழற்சியிலும் சிறு ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் குரோன் நோய் என்னும் குடல் அழற்சி தணிந்த பின் மீண்டும் கிளம்பாமல் தடுக்குமா என்று 108 பேரிடம் ஓராண்டுக்குத் திட்டமிட்டு நடத்தி, 2011-இல் வெளியிட்ட ஜெர்மன் ஆய்வில் மருந்துக்கும் போலிக்கும் வேறுபாடு இல்லை.

குக்குலுவின் கதையும் இதே பாடத்தை வேறொரு நோயில் சொல்கிறது. வாரணாசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி. வி. சத்யவதி 1966-இல் செய்த ஆய்வு, கொழுப்பைப் பற்றிய பழைய நூற்குறிப்பைப் பின்தொடர்ந்து, குக்குலு இரத்தக் கொழுப்பைக் குறைப்பதாக விலங்குகளிடம் காட்டியது. அதன் தொடர்ச்சியாக லக்னோ மத்திய மருந்து ஆய்வகம் உருவாக்கிய குகுலிப்பிட் என்னும் குக்குலு மருந்து 1980-களின் பிற்பகுதியில் இந்தியாவில் விற்பனை அனுமதி பெற்றது. 2003-இல் அமெரிக்காவில் 103 பேரிடம் நடந்த சோதனையிலோ தீய கொழுப்பு குறையாததோடு நான்கு, ஐந்து விழுக்காடு கூடியும் போனது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. பழமையும் ஆய்வகச் சான்றும் ஒருங்கே துணைநின்ற பொருளும் தராசில் ஏறியபோது எடை குறையலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆகவே நோயாளிக்குச் சொல்லத்தக்கவை சில உண்டு. முழங்கால் தேய்மானத்தில் தரமான குந்துருக்கச் சாற்றை மருத்துவரின் கண்காணிப்பில் சில மாதங்கள் உண்டு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. பாஸ்வெல்லிக் அமிலங்கள் வெறும் வயிற்றைவிடக் கொழுப்புள்ள உணவோடு பல மடங்கு கூடுதலாக உறிஞ்சப்படுவதால், அதைச் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்வதே முறை. முடக்குவாதத்திலோ பிசினை நம்பி மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்துவது பெரும் இழப்பில் முடியும். ஒருமுறை அரிக்கப்பட்ட மூட்டு எந்த மருத்துவத்தாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கருவுற்றவர்கள் இரு பிசின்களையும் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உண்போர் குந்துருக்கத்திலும், புரோப்ரனலால், டில்டியாசம் ஆகிய இதய மருந்துகள் உண்போர் குக்குலுவிலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குக்குலு அவ்விரு மருந்துகளும் இரத்தத்தில் சேரும் அளவைக் குறைத்துவிடுகிறது.

பெயரில் ஒரு சொல் கூடுவதாலும் மருந்து மாறிவிடும். யோகராஜ குக்குலு மூலிகைச் சரக்குகளால் ஆனது. மகா யோகராஜ குக்குலுவில், மூல நூல் முறைப்படி, ஈயம், வெள்ளீயம், வெள்ளி, இரும்பு ஆகியவற்றின் பற்பங்களும் பாதரசம் சேர்ந்த சரக்கும் சேர்கின்றன. அமெரிக்காவின் பாஸ்டனில் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களுள் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்ததாக 2004-இல் வெளியான ஆய்வை நினைவில் கொண்டால், உறையின்மேல் அச்சிட்ட சரக்குப் பட்டியலை வாசிப்பது வீண் வேலையன்று. அதைவிடக் கொடியது, உறையே இல்லாமல் பொட்டலமாகத் தரப்படும் ‘மூட்டுவலிச் சூரணம்’. நாட்பட்ட மூட்டு வீக்கம் இரண்டே நாளில் முற்றிலும் மறைந்தால், மகிழ்வதற்கு முன் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று ஐயுற வேண்டும். எந்தப் பிசினும் அவ்வளவு விரைவாக வேலை செய்வதில்லை. மாதக் கணக்கில் அறியாமல் ஸ்டீராய்டு உண்பவருக்கு முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு மெலியும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது வீட்டிலுள்ள மாத்திரை, லேகியம், சூரணம் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மேசைமேல் வைப்பதே இதற்கெல்லாம் சிறந்த காப்பு.

மருந்தைப் பற்றிப் பேசுமிடத்தில் மரத்தை மறப்பதற்கில்லை. குந்துருக்க மரத்தின் பட்டையை மழைக்காலம் கழிந்தபின் மேலாகச் சீவிவிட்டால், கோடைமுடிய ஒரு மரம் ஏறத்தாழ ஒரு கிலோ பிசின் தரும். பின்னர் சில ஆண்டுகள் அதை ஓயவிட வேண்டும். ஓயவிடாமல் கீறும் இடங்களில் மரம் மெலிந்து, பூச்சிக்கு இரையாகி, விதையும் முளைக்காமல் போகிறது. எத்தியோப்பியாவில் இம்மரத்தின் உறவினமொன்று தரும் பிசினின் அளவு இருபது ஆண்டுகளில் பாதியாகும் என்று 2019-இல் வெளியான ஆய்வு கணித்தது. குக்குலுவின் நிலை அதனினும் மோசம்: பிசின் ஒரே தடவையில் ஏராளமாக வடிய வேண்டும் என்பதற்காகக் கீறலில் காரமான கலவைகளைப் பூசும் வழக்கத்தால், செடி அந்தப் பிசினைக் கொட்டிவிட்டுப் பட்டுப்போகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2015-இல் அதை மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் சேர்த்தது. தட்டுப்பாடு கலப்படத்தை வளர்க்கிறது; கலப்படம் நோயாளியின் வயிற்றில் வந்து முடிகிறது. பிசின் மருந்து வாங்குவோர் அது பயிரிட்ட செடியிலிருந்து வந்ததா, காட்டிலிருந்து வந்ததா என்று கேட்கத் தொடங்கினால், தயாரிப்போரும் அந்த விடையை உறையில் அச்சிடத் தொடங்குவார்கள். பயிரிடுவதற்கு அரிய நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. கொங்கு நாட்டு வேலிக் கிளுவையைப் போலவே, குக்குலுவும் போத்து வெட்டி நட்டால் வேர்பிடித்து வளரும் செடிதான்.